எட்டுப் பாக மூளை மாதிரி: வெளித்தோற்றத்துக்கு நிறைவு, ஐப்போதலமஸுக்குக் குறை

உயர்தர உயிரியல் ஆய்வுகூடங்களுக்காக இப்போது கொழும்புக் கடைகளிலும் இணையவழியிலும் பரவலாக விற்கப்படும் மனித மூளையின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றை, ஹட்டனுக்கு அண்மையில் நான் கற்பிக்கும் பாடசாலைக்காகப் பழைய மாணவர்களின் உதவியுடன் வாங்கினோம். இயல்பான மூளையின் அளவிலேயே செய்யப்பட்ட இது, நடுக்கோட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் மீண்டும் நான்காகக் கழலும் எட்டுப் பாக வகையைச் சேர்ந்தது: நுதற் சோணையும் சுவர்ச் சோணையும் சேர்ந்த துண்டு ஒன்று, கடைநுதற் சோணையும் பிடர்ச் சோணையும் சேர்ந்த துண்டு ஒன்று, மூளைத்தண்டின் பாதி, மூளியின் பாதி. கூரியர் கட்டணம் உட்பட எட்டாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல் செலவானது. பெட்டியில் உற்பத்தியாளரின் பெயர் இல்லை. ஒரு தாங்கியும், எண்களுக்குரிய உறுப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட ஓர் அட்டையும் மட்டுமே இருந்தன.

மூளையின் வெளித்தோற்றத்தைக் கற்பிக்க இந்த விலைக்கு இதைவிட நல்ல பொருள் கிடைப்பது கடினம். மடிப்புகளும் பள்ளங்களும் ஆழமாக வார்க்கப்பட்டுள்ளன. சோணைகளின் எல்லைகளை மாணவர்கள் விரலாலேயே தடவி அறிந்துகொள்கிறார்கள். அடிப்புறத்து நாடிகள் சிவப்பில் தெளிவாகத் தெரிகின்றன. ஆயினும் நாங்கள் இதை வாங்கியதன் முதன்மையான நோக்கம் வேறு. உடலின் ஓர்சீர்த்திடநிலையை, அதாவது வெப்பநிலை, நீர் போன்றவை மாறாமல் நிற்கும் உட்சமநிலையை, மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமஸ் என்னும் சிறு பகுதி எவ்வாறு பேணுகிறது, அதனோடு பின்னப்பட்ட லிம்பிக் தொகுதி என்னும் மூளைப் பகுதிகளின் கூட்டம் அச்சத்தையும் நினைவையும் உடலுக்குள் எவ்வாறு இறக்குகிறது என்பதைக் காட்டவே இது தேவைப்பட்டது. அந்தப் பாடத்தில் இம்மாதிரி பாதித் தூரமே துணைவருகிறது. எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் விற்பனை விளம்பரங்களில் லிம்பிக் தொகுதியும் உள்ளடக்கம் என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது.

முதலில் ஐப்போதலமஸ். மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம். அதில் ஐப்போதலமஸின் பங்கு 4 கிராம் அளவே. மூளையின் நடுவில் புலன் செய்திகளைக் கடத்தும் தலமஸுக்குக் கீழே, திரவம் நிறைந்த மூன்றாம் மூளையறையின் இரு பக்கச் சுவர்களாகவும் அதன் தளமாகவும் அது அமைந்திருக்கிறது. முன்புறத்தில் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடமும் பின்புறத்தில் மம்மிலரி மேடுகள் என்னும் இரு சிறு உருண்டைகளும் அதன் எல்லைகள். மாதிரியில் நடுவெட்டு இந்த மூன்றாம் மூளையறையின் ஊடாகவே செல்வதால், ஒவ்வொரு பாதியிலும் ஐப்போதலமஸ் வெட்டுமுகத்தில் பெருவிரல் நக அளவிலான ஓர் இளமஞ்சள் திட்டாகத் தெரிகிறது. இடம் சரியானது. தலமஸுக்கும் அதற்கும் இடையே உள்ள எல்லைப் பள்ளம் கூடச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் திட்டுக்குள் எதுவும் இல்லை. ஐப்போதலமஸ் என்பது வேறுவேறு வேலைகளைச் செய்யும் பல கருக்கள் (நரம்புக்கலக் கூட்டங்கள்) நெருக்கமாக அடைந்த இடம் என்பதற்கு ஒரு புள்ளி, ஒரு கோடு, ஓர் எண்கூட அங்கே தரப்படவில்லை. தரம் 13 மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தோட்டத்துக் கந்தோரில் கணக்கப்பிள்ளை இருக்கும் அறைக்கு வெளியே பெயர்ப்பலகை மட்டும் தொங்குவதைப் போல இருக்கிறது என்று சொன்னார். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

அந்தத் திட்டுக்குள் நடப்பவை எங்கள் பகுதியில் அன்றாடம் கண்ணுக்குத் தெரிபவை என்பதால்தான் இக்குறை உறுத்துகிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பவர்களின் விரல்நுனிகள் வெளிறுகின்றன, தாடை நடுங்குகிறது. தோலிலிருந்து வரும் குளிர்ச் செய்தியையும், தன் ஊடாகப் பாயும் குருதியின் வெப்பநிலையையும் ஐப்போதலமஸின் முன்பகுதி சேர்த்து எடைபோட்டு, தோலின் குருதிக்கலன்களைச் சுருக்கச் செய்கிறது. அது போதாதபோது தசைகளை நடுங்கவைத்து வெப்பத்தை உண்டாக்குகிறது. அதே மனிதர் பகலில் தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால், அதே இடத்திலிருந்து வியர்வைக்கான கட்டளை புறப்படுகிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வாழ்பவருக்கும் கொழும்பில் வாழ்பவருக்கும் உடலின் உள்வெப்பநிலை 37 பாகை செல்சியஸை ஒட்டியே இருப்பது இந்த 4 கிராம் இழையத்தின் உழைப்பினால்தான்.

காய்ச்சலைக் கற்பிக்கும்போது இன்னும் கூர்மையான கேள்வி எழுகிறது. உடல் ஏற்கனவே சுடும்போது பிள்ளை ஏன் கம்பளிக்குள் நடுங்குகிறது? தொற்று ஏற்படும்போது நோயெதிர்ப்புக் கலங்கள் வெளியிடும் பொருள்களால் புரொஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் உருவாகி, ஐப்போதலமஸின் இலக்கு வெப்பநிலையை, எடுத்துக்காட்டாக 39 பாகைக்கு உயர்த்திவிடுகிறது. உடல் 38 பாகையில் இருந்தாலும் ஐப்போதலமஸின் கணக்கில் அது குளிர். எனவே நடுக்கம். பரசிட்டமோல் புரொஸ்டகிளாண்டின் உருவாவதைக் குறைக்கிறது. இலக்கு பழைய இடத்துக்கு இறங்குகிறது. இப்போது உடல் தேவைக்கு மேல் சூடாக இருப்பதாகக் கொள்ளப்பட்டு வியர்க்கிறது. இதை விளக்குகையில் மாதிரியின் மஞ்சள் திட்டைச் சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான். பலகையில் படம் வரையாமல் பாடம் நகராது.

நீர்ச் சமநிலையிலும் இதே நிலைதான். “டீச்சர், குளிர் நாளில் தண்ணீர் குடிக்காமலேயே ஏன் அடிக்கடி சிறுநீர் வருகிறது?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்பதுண்டு. குளிரில் தோலின் குருதிக்கலன்கள் சுருங்கும்போது குருதி உடலின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளப்படுகிறது. அங்கே கனவளவு கூடிவிட்டதாக உணர்விகள் அறிவிக்க, ஐப்போதலமஸ், சிறுநீரகத்தை நீரை மீள உறிஞ்சச் செய்யும் வாசோபிரெசின் ஓமோனின் வெளியேற்றத்தைக் குறைக்கிறது. சிறுநீரகம் நீரை மீள உறிஞ்சாமல் விட்டுவிடுகிறது. இதற்கு நேர்மாறானது, மலையில் கழிப்பறை இல்லாத காரணத்தால் பகல் முழுவதும் தண்ணீரைத் தவிர்த்துக் கொழுந்து பறிக்கும் பெண்களின் நிலை. குருதியின் செறிவு சற்றே உயர்ந்தாலும் ஐப்போதலமஸ் அதைக் கண்டுகொண்டு, தாகத்தை எழுப்புவதோடு வாசோபிரெசினையும் கூட்டிவிடுகிறது. சிறுநீர் குறைந்து, நிறம் அடர்கிறது. தாகத்தை அந்தப் பெண்கள் அடக்கிக்கொள்கிறார்கள். சிறுநீரகத்துக்குச் செல்லும் கட்டளையை யாராலும் அடக்க இயலாது.

கபச்சுரப்பியை (பிட்யூட்டரி) இம்மாதிரி கையாண்டிருக்கும் விதத்தில்தான் எனக்கு மிகப் பெரிய மனக்குறை. ஐப்போதலமஸிலிருந்து இறங்கும் காம்பின் நுனியில் பயறளவு மணி ஒன்று ஒட்டப்பட்டு, முழுவதும் ஒரே நிறத்தில் பூசப்பட்டிருக்கிறது. உண்மையில் அதன் முன்சோணையும் பின்சோணையும் தோற்றத்திலும் வேலையிலும் வெவ்வேறானவை. பின்சோணை ஐப்போதலமஸின் நீட்சி. ஐப்போதலமஸிலுள்ள நரம்புக்கலங்கள் செய்த வாசோபிரெசினும், தாய்ப்பாலை இறக்கும் ஒட்சிடோசினும் நரம்பு நார்களின் வழியே இறங்கி வந்து பின்சோணையிலிருந்து குருதியில் கலக்கின்றன. முன்சோணைக்கு அத்தகைய நரம்புத் தொடர்பு இல்லை. ஐப்போதலமஸ் சிறு குருதிக்கலன்களின் வழியே அனுப்பும் விடுவிப்பு ஓமோன்களே அதை இயக்குகின்றன. இந்த உண்மையை நிறுவுவதற்கு ரோஜர் கியெமன், அன்ட்ரூ ஷாலி என்னும் ஆய்வாளர்கள் இருவரும் போட்டி போட்டு உழைத்தார்கள். கியெமனின் குழு இலட்சக்கணக்கான ஆடுகளின் ஐப்போதலமஸைச் சேர்த்துப் பிழிந்தெடுத்தது ஒரு மில்லிகிராம் அளவு விடுவிப்பு ஓமோனைத்தான். 1977ஆம் ஆண்டின் நொபெல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. அவ்வளவு பாடுபட்டுப் பிரித்தறியப்பட்ட இரு சோணைகளையும் ஒரே வர்ணப் பூச்சில் ஒன்றாக்கிவிட்டார்கள். நாங்கள் நகப்பூச்சு வாங்கி, முன்சோணையைச் சிவப்பாகவும் பின்சோணையைக் காம்போடு சேர்த்து நீலமாகவும் பூசினோம். வாங்குபவர்கள் செய்யவேண்டிய முதல் திருத்தம் இதுதான்.

அந்த நீலப் பூச்சு எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைத் தோட்டத்தில் பராமரிக்கும் பிள்ளைக் காம்பராவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. பாலூட்டும் தாய் மலையிலிருந்து இறங்கி வந்து, காம்பரா வாசலை அடையும் முன்பே உள்ளே தன் பிள்ளை அழும் ஒலியைக் கேட்கிறாள். அப்போதே மார்பில் பால் கசியத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை இன்னும் வாய் வைக்கவில்லை. பிள்ளை உறிஞ்சும்போது மார்புக்காம்பிலிருந்து செல்லும் நரம்புச் செய்தி ஐப்போதலமஸை அடைந்து ஒட்சிடோசினை வெளியேற்றுவது அடிப்படைத் தெறிவினை. நாளடைவில் அழுகையொலியும், சில வேளைகளில் பிள்ளையின் நினைவும்கூட, அதே வெளியேற்றத்தைத் தூண்டும் நிலை உருவாகிறது. மாறாக, தாய் கடும் பதற்றத்தில் இருந்தால் ஒட்சிடோசின் வெளியேற்றம் தடைப்படுகிறது; பால் சுரந்திருந்தும் இறங்குவதில்லை. கேட்ட ஒலி, அதற்கு ஏற்ற பாசம், நரம்புச் செய்தி, ஓமோன், மார்பின் தசைக்கலங்கள் என்ற முழுச் சங்கிலியும் இதில் அடங்கிவிடுகிறது. வகுப்பில் இருந்த பலர் அந்தக் காம்பராவில் வளர்ந்தவர்கள். இந்தப் பகுதியை நான் இரண்டாம் முறை விளக்கத் தேவை ஏற்படவில்லை.

இனி லிம்பிக் தொகுதி. அட்டையில் இந்தப் பெயருக்கென ஒரே ஓர் எண் தரப்பட்டுள்ளது. அந்த எண் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் வெண்ணிறப் பட்டைக்கு மேலே வளைந்து செல்லும் சிங்குலேட் மடிப்பில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கு எதிரே உணர்ச்சி மையம் என்ற பொருள்படும் ஆங்கிலக் குறிப்பு. இது பழைய எண்ணத்தின் எச்சம். 1878இல் பிரெஞ்சு மருத்துவர் போல் புரோக்கா மூளைத்தண்டைச் சுற்றி விளிம்புபோல் அமைந்த பகுதியைத் தனியாகப் பெயரிட்டுக் காட்டினார்; ஆனால் உணர்ச்சியோடு அதை அவர் இணைக்கவில்லை, மோப்பத்தோடுதான் பெரும்பாலும் தொடர்புபடுத்தினார். 1937இல் ஜேம்ஸ் பேப்பஸ் என்னும் ஆய்வாளர், கடைநுதற் சோணையின் உட்புறத்திலுள்ள ஹிப்போகம்பஸிலிருந்து ஃபோர்னிக்ஸ் என்னும் நார்க்கற்றை வழியாக மம்மிலரி மேடுகளுக்கும், அங்கிருந்து தலமஸுக்கும், பின்னர் சிங்குலேட் மடிப்புக்கும், மீண்டும் ஹிப்போகம்பஸுக்கும் செல்லும் ஒரு சுற்றை முன்வைத்து, உணர்ச்சி அந்தச் சுற்றோட்டத்தில் பிறப்பதாகக் கருதினார். 1952இல் போல் மெக்லீன் என்னும் மூளை ஆய்வாளர் அதை விரித்து லிம்பிக் தொகுதி என்ற பெயரை நிலைநாட்டினார். இன்று அந்தச் சுற்று பெரும்பாலும் நினைவோடு தொடர்புடையதாகவே மதிக்கப்படுகிறது. உணர்ச்சி எந்த ஒரு சுற்றுக்குள்ளும் அடைபட்டுக் கிடப்பதில்லை.

வரலாறு எப்படியிருந்தாலும், பேப்பஸின் சுற்றை மாணவர்கள் விரலால் பின்தொடர முடிந்தால் அது பெரிய பயன். இம்மாதிரியில் அது முடியாது. கடைநுதற் சோணையைப் பிடர்ச் சோணையோடு தனித் துண்டாகக் கழற்றும் வகையில் வெட்டியிருப்பதால் ஹிப்போகம்பஸ் கீழ்த்துண்டோடு போய்விடுகிறது; ஃபோர்னிக்ஸின் வளைவு மேல்துண்டில் தங்கிவிடுகிறது; இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெட்டின் தட்டையான முகம் மட்டுமே மிஞ்சுகிறது. துண்டுகளை மீண்டும் பொருத்தினால் அந்த இடம் உள்ளே மறைந்துவிடுகிறது. ஆபத்தை உணர்வதில் பங்குபெறும் அமிக்டலாவின் கதி இன்னும் மோசம்: கடைநுதற் சோணையின் முன்நுனிக்குள் புதைந்திருக்கவேண்டிய அது, வெட்டுமுகத்தில் ஒரு செம்மஞ்சள் வட்டமாக வரையப்பட்டு, அச்சம் என்ற ஒற்றைச் சொல்லுடன் அட்டையில் முடிந்துவிடுகிறது.

அந்தச் சொல்லைக் கண்டு மாணவர்கள் எளிதில் வழிதவறுகிறார்கள் என்பதால் இங்கே சற்றுத் தங்கவேண்டும். குளவி கொட்டும் சம்பவம் எங்கள் தோட்டங்களில் அரிதானதன்று. கூட்டிலிருந்து குளவிகள் எழும் இரைச்சல் கேட்ட நொடியிலேயே, என்ன நடக்கிறது என்று மனம் தெளிவாக அறியும் முன்பே, கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். அமிக்டலாவிலிருந்து ஐப்போதலமஸுக்கும் மூளைத்தண்டுக்கும் செய்தி செல்கிறது. உடலை ஆபத்துக்கு ஆயத்தமாக்கும் பரிவு நரம்புத் தொகுதி விழிக்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியின் மையவிழையம் சில நொடிகளில் அதிரீனலினைச் சொரிகிறது. இதயம் படபடக்கிறது, வாய் உலர்கிறது, கால்களின் தசைகளுக்குக் குருதி பாய்கிறது. இதற்குப் பின்னால் மெதுவான ஓர் அலை கிளம்புகிறது. ஐப்போதலமஸ் விடுவிப்பு ஓமோனை முன்சோணைக்கு அனுப்ப, முன்சோணை அதிரீனலின் மேற்பட்டையைத் தூண்ட, சில நிமிடங்களில் கோர்ட்டிசோல் என்னும் நெருக்கடி ஓமோன் உயரத் தொடங்குகிறது. அந்தக் கோர்ட்டிசோலே திரும்பி வந்து ஐப்போதலமஸையும் கபச்சுரப்பியையும் அடக்கி, அலையைத் தணிக்கிறது. பிறகு வாரக்கணக்கில் அந்தப் பெண் அதே மலைக்குப் போகத் தயங்குவது வேறு கதை: எந்த இடம், எந்தத் தேயிலை வரிசை, எந்த மரத்தடி என்பதை ஹிப்போகம்பஸ் பதித்து வைத்திருக்கிறது, அந்த இடத்தோடு ஆபத்தை அமிக்டலா கட்டிவைத்திருக்கிறது.

அப்படியானால் அமிக்டலா அழிந்தால் அச்சமே இராதா? எஸ்.எம். என்ற குறியெழுத்துகளால் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு அரிய மரபுநோயினால் இரு பக்க அமிக்டலாக்களும் சிதைந்துவிட்டன. பாம்புகளைக் கையில் எடுப்பதற்கும் அவர் அஞ்சவில்லை. ஆனால் 2013இல் வெளியான ஆய்வில், காபனீரொட்சைட்டின் செறிவைக் கூட்டிய காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது அவர் கடும் திகிலுக்கு உள்ளானார். வெளியுலக ஆபத்தைக் கண்டறிவதற்கு அமிக்டலா இன்றியமையாதது. உடலுக்குள் மூச்சு முட்டும் நிலை எழுப்பும் திகிலுக்கு வேறு வழிகளும் உண்டு. அட்டையிலுள்ள ஒற்றைச் சொல்லை நான் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்ததற்கு இந்தப் பெண்மணியே காரணம்.

ஹிப்போகம்பஸுக்கு அட்டை நினைவு என்று போட்டிருப்பது ஓரளவு பொருந்தும். 1953இல் வலிப்பைத் தணிப்பதற்காக இரு பக்கக் கடைநுதற் சோணைகளின் உட்பகுதிகள் அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், அதன் பின்னர் 2008இல் இறக்கும் வரை புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த இயலாதவராக வாழ்ந்தார். நினைவைப் பற்றிப் பேசுகையில் எல்லோரும் எடுத்துக்காட்டும் மனிதர் இவர். ஆனால் எங்கள் பாடத்துக்கு மிகவும் வேண்டிய செய்தி வேறொன்று. எவ்வளவு பசிக்கிறது என்று கேட்டால், உணவுக்கு முன்னும் பின்னும் அவர் சொன்ன அளவில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. அவருடைய அமிக்டலாக்களும் பெரும்பாலும் அகற்றப்பட்டிருந்தன. இரைப்பையிலிருந்து வரும் கிரெலினும் கொழுப்பிழையத்திலிருந்து வரும் லெப்டினும் ஐப்போதலமஸுக்குப் பசியையும் நிறைவையும் அறிவித்தாலும், அதை நாம் உணர்ந்து சொல்வதற்கு லிம்பிக் பகுதிகளின் துணை தேவைப்படுகிறது என்று அவருடைய நிலை எண்ணவைக்கிறது.

இவற்றையெல்லாம் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தரவேண்டும் என்று எட்டாயிரம் ரூபாய்ப் பொருளிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கபச்சுரப்பியில் இரண்டு நிறம் பூசுவதற்கும், ஃபோர்னிக்ஸ் முழுமையாகத் தெரியும்படி வெட்டை அரை அங்குலம் கீழே நகர்த்துவதற்கும் கூடுதல் செலவு ஒன்றும் ஆகியிராது. செய்தவர்கள் மூளையைத் துண்டுகளின் தொகுப்பாகவே பார்த்திருக்கிறார்கள். துண்டுகளுக்கு இடையே ஓடும் நார்களிலும் குருதிக்கலன்களிலும்தான் இந்தப் பாடத்தின் சாரம் இருக்கிறது.

பொருளின் உழைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சில செய்திகள். துண்டுகளை இணைக்கும் முளைகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. இழுக்கும்போது சற்றுத் திருப்பினால் எளிதில் முறியும். காந்தம் பதித்த வகையும் கடைகளில் உண்டு, ஆனால் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் எங்கள் ஆய்வுகூடங்களில் அது துருப்பிடித்து வர்ணத்தைக் கறையாக்கும் என்பதால் முளை வகையையே பரிந்துரைக்கிறேன். வர்ணத்தின் மணம் முதல் சில வாரங்கள் கடுமையாக இருந்தது. அட்டையைத் தமிழில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

தரம் 10, 11 வகுப்புகளுக்கு மட்டும் என்றால் தயங்காமல் வாங்கலாம். உயர்தர வகுப்புக்கு வாங்குவதாயின், அதோடு ஆட்டு மூளை ஒன்றையும் இறைச்சிக் கடையில் சொல்லி வைத்துப் பெற்றுக்கொள்வது நல்லது. பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தையும் மம்மிலரி மேடுகளையும் அவற்றுக்கு இடையே உள்ள ஐப்போதலமஸின் தளத்தையும் அதன் அடிப்புறத்தில் நேரடியாகக் காணலாம். கத்தியின் மழுங்கிய பக்கத்தால் கடைநுதற் சோணையை மெல்ல விலக்கினால் ஹிப்போகம்பஸிலிருந்து ஃபோர்னிக்ஸ் எழுந்து வளைவதைத் தொடர்ச்சியாகப் பின்பற்றலாம். கபச்சுரப்பி மண்டையோட்டின் அடித்தளக் குழிக்குள் இருப்பதால், மூளையைத் தூக்கும்போது காம்பு அறுந்து அது அங்கேயே தங்கிவிடும். எனவே தலையை நடுவில் வெட்டாமல் மேற்பக்கத்து எலும்பை மட்டும் நீக்கித் தரும்படி கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, மண்டையோட்டையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.